ஜெபத்தின் நடுவே நின்ற படம்

எங்கள் வீட்டுக்கு இணையம் வருவது ரப்பர் மரங்களைப் பிடித்துக்கொண்டு. வெள்ளறடை ரோட்டிலிருந்து கிளம்பும் கேபிள், மரத்துக்கு மரம் கட்டப்பட்டு, நடுவில் ஒரு பலாவில் இளைப்பாறி, அடுத்த வீட்டுக்காரர் முற்றத்தில் தாழ்ந்து தொங்கும். அவர் அதில் ரப்பர் ஷீட் காயப்போடுவார். ஷீட் ஈரமாக இருக்கும் நாளில், கூப்பிடுகிறவர் எல்லாரும் கிணற்றுக்குள் விழுந்து கிடந்து கத்துவது போலிருக்கும். இதற்குப் பெயர் அதிவேகமாம். கேபிள்காரரின் பேனரில் ஒரு சிறுத்தை பாய்கிறது.

அவரிடம் புகார் சொன்னால் பதில் ஒன்றுதான். "அண்ணா, இங்க பாத்தா லைட் எல்லாம் பச்சயாக்கும். மோடத்த ஒருக்கா ஓஃப் செஞ்சு ஓண் செஞ்சு பாருங்கோ."

செய்தேன். மனந்திரும்பிய பாவி மறுநாளே சாராயக்கடைக்குப் போவது போல, அதுவும் அணைந்து எழுந்து பழைய வேலையைத் தொடர்ந்தது.

இந்த லட்சணத்தில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வீடியோ காலில் என்று முடிவானது. நெய்யாற்றின்கரையில் நர்ஸாக இருக்கும் அவள், கூடப் படித்த பையனைத் தானே தேர்ந்தெடுத்திருந்தாள். பையனின் அப்பா தோஹாவில் சபைக் கமிட்டிக்காரர். பெண் வீட்டார் தேவபக்தி உள்ளவர்களா என்று பார்த்துத்தான் சரி சொல்வாராம். நானோ கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற ரகம்.

"வாயத் தொறக்காதீங்கோ. உங்க தமாஷ் ஒண்ணும் அங்க வேண்டாம்," என்றாள் மனைவி.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சுக்கு முன்னால் ஜெபம் உண்டு. பையனின் அப்பா ஆரம்பித்தார். லீவு போட்டு வந்திருந்த மகளும் சேர்த்து நாங்கள் மூவரும் தலைகுனிந்து கண்ணை மூடினோம். உலகம் உண்டானதில் தொடங்கி எங்கள் ஆரியங்கோட்டு மரச்சீனிக் கிழங்கு வரைக்கும் ஆசீர்வதித்துக்கொண்டே வந்தார். பிறகு குரலைக் காணோம். மௌன ஜெபம் என்று நினைத்தேன். அவர் ஆமென் சொல்லுமுன் கண் திறக்கிற துணிச்சல் பெண்ணைப் பெற்றவனுக்கு ஏது? கால் மரத்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அதையும் கர்த்தரிடம் ஒப்படைத்தேன்.

மகள்தான் முதலில் கண் திறந்தாள். "அப்பா, எழும்புங்கோ. எப்பவோ நின்னு போச்சு."

திரையில் தோஹா குடும்பம் தலைகுனிந்தபடி உறைந்திருந்தது. மேலே ஒரு வட்டம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மரியாதை கெட்ட கூட்டம் என்று போனை வைத்திருப்பார்கள். மகள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் தமாஷ் எதுவும் வரவில்லை.

அப்போது என் கைபேசியில் சாதாரண அழைப்பு வந்தது. அவர்தான்.

"நான் ஆமென் சொல்லி எவ்வளவு நேரமாச்சு! நீங்க மூணு பேரும் தலயத் தூக்கல்லியே. அசையக்கூட இல்ல." குரல் தழுதழுத்தது. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு குடும்பமா? ஜெபத்தக் கலைக்க வேண்டாம்னு நாங்களே போன வச்சுட்டோம், சம்மந்தி."

சம்மந்தி! மகள் சிரித்தாள், கூடவே அழுதாள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி தொடையில் கிள்ளினாள்.

அடுத்த முறை பேசியபோது முடிவு ஜெபத்தை அவர் என்னிடம் ஒப்படைத்தார். கண்ணை மூடி, லைன் போய்விடக்கூடாதா என்று உள்ளுக்குள் ஊக்கமாக மன்றாடினேன். என் உளறல் ஒரு சொல்கூடச் சிதறாமல் தோஹா போய்ச் சேர்ந்தது.