மத்தியான பேட்ச்

சில வருடங்களுக்கு முன்பு, நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படித்தபோது நடந்தது இது. அங்கே பெண்களும் ஆண்களும் பேசிக்கொள்ளக் கூடாது. படிக்கட்டு தனி, பஸ் தனி. லேப்கூட எங்களுக்குக் காலையில், பையன்களுக்கு மத்தியானம். மீறினால் வீட்டுக்குப் போன் போகும். என் அப்பா எருமப்பட்டியிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்து டி.சி. வாங்கிவிடுகிற ரகம்.

லேபில் எல்லாருக்கும் ஒரே லாகின். ப்ரோக்ராம் டைப் செய்ய இருந்த எடிட்டர் சாஃப்ட்வேருக்கு ஒரு குணம்: சேமிக்காமல் மூடினாலும், அடுத்துத் திறப்பவருக்கு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக் காட்டும். ஒருநாள், நான் வழக்கமாக உட்காரும் பதினாலாம் நம்பர் மிஷினில், ப்ரோக்ராமில் தப்பு எங்கே என்று தெரியாமல் பாதியில் விட்டுப் போனேன். மறுநாள் திறந்தால் அடியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "ஏனுங்க, ஏழாவது வரில செமிகோலன உட்டுட்டீங்க பாருங்க. இப்படிக்கு, மத்தியான பேட்ச்."

சிரித்துவிட்டேன். "ரொம்ப நன்றிங்க" என்று கீழே தட்டினேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவருக்கு மோகனூர். மெஸ் சாம்பாரைத் திட்டுவார். எனக்குப் பரீட்சை என்றால் "நல்லா எழுதுங்க, பயப்படாதீங்க" என்று போட்டிருப்பார். பெயரை மட்டும் இருவருமே கேட்கவில்லை. லேப் இல்லாத நாள் எனக்கு நாளாகவே இருக்காது.

அந்த மாதம் என் தோழி சேமிக்காமல் மூடிவிட்டுப் போன ப்ரோக்ராமை, மத்தியானம் ஒருவன் தன் பெயரில் கொடுத்துவிட்டான். சார் இருவருக்கும் சைபர் போட்டார். "நாந்தானுங்க சார் எழுதுனேன். எங்கூட்ல கம்ப்யூட்டர் கூட இல்லீங்க, இங்கதான் எல்லாமே" என்று அவள் அழுதாள்.

வகுப்புத் தலைவி நான்தான். இது மறுபடி நடக்கக் கூடாதென்று சார் என்னிடம் மூன்று புது எடிட்டர்களைக் கொடுத்து, "ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, எதைப் போடலாம்னு நீயே சொல்லும்மா" என்றார். பதில் எனக்கு முதல் நாளே தெரியும். பலர் உட்காருகிற மிஷினில், எழுந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற எடிட்டர்தான் வேண்டும். தெரிந்தும் வாரம் முழுக்க இழுத்தடித்தேன்.

கடைசி நாள் காலையில், "நாளையிலிருந்து இது இருக்காதுங்க" என்று எழுதி, என் பெயரையும் எழுதினேன். "உங்க பேரு என்னங்க?" என்றும் கேட்டேன். பிறகு சாரிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லது சாமி. சாப்பாட்டு வேளையிலேயே மாத்திடறேன். சேமிக்கறதெல்லாம் இனி அவங்கவங்க பென்டிரைவ்லதான்" என்றார். சாயங்காலம் மாத்துங்க சார் என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வகுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் திறந்தால் வெள்ளைத் திரை. அவர் என் பெயரைப் பார்க்கவே இல்லை. பதினாலாம் நம்பர் மிஷினில் மத்தியானம் யார் என்று எவரிடம் கேட்பது? பேப்பரில் எழுதி வைக்கவும் தைரியம் வரவில்லை. மீதி இரண்டு வருடமும் பையன்கள் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னல்களைப் பார்த்தபடி நின்றேன்.

அதன் பிறகு என் தோழிக்கு அப்படி ஒரு கஷ்டம் வரவில்லை. நான் சொன்னது சரிதான். சரியானதைச் செய்துவிட்டால் மனசு அடங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன், அடங்கவில்லை. இன்று கேட்டாலும் அதே எடிட்டரைத்தான் சொல்வேன், ஆனால் ஒரே ஒரு நாள் தள்ளிச் சொல்வேன்.