சைக்கிளுக்கு ஒரு முதுகுக் கண்

சைக்கிளில் மாட்ட எந்தக் கேமரா நல்லது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். போன மாதம் என்னோடு கம்பெனி பஸ் ஓட்டிய பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மகள் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகிறாளாம். "நீதான் மூணு கேமராவ அலசி ஆராஞ்சி வாங்கினவன். எது நல்லா கீதுன்னு சொல்லு அண்ணாத்த" என்றார். "எத வாணா வாங்கு. கெளம்பறப்ப அதோட கண்ணாடிய தொடச்சிட்டுப் போவச் சொல்லு" என்றேன். அவர் சிரித்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

கிண்டல் இல்லை. அந்த ஒரு காரியம் நடக்காமல் போனதற்கு நானே காரணம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவி சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா கடலுக்குப் போனார், அம்மா மீன் விற்றார். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அந்த ஊரோடு வந்துவிட்டேன். அவள் அங்கன்வாடி டீச்சர். அவளுடைய மையம் மாமல்லபுரம் போகிற வழியில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தது. பஸ் உண்டு, ஆனால் அது வருகிற நேரத்துக்கும் குழந்தைகளுக்குக் கஞ்சி வைக்கிற நேரத்துக்கும் ஒத்துவராது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாளே ஊரிலிருக்கிற பழைய டச்சுக் கோட்டைச் சுவரோரம் மணலில் விழுந்து எழுந்து, "எனக்கு சைக்கிளே போதும்யா" என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷம் சைக்கிள்தான். அந்தக் காலத்தில் அந்தச் சாலை வேறு. இப்போது சனி ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்து வருகிற கார்கள் ரயிலோடு போட்டி போடுவது போலப் பறக்கின்றன.

எனக்குப் பயம் வந்ததற்குக் காரணம் கார்கள் அல்ல, நான் டிரைவர் என்பதுதான். டிரைவர்கள் என்ன செய்வோம், பிறகு என்ன சொல்வோம் என்று எனக்குத் தெரியும்.

கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு காலையில் என் பஸ்ஸின் இடது மூலை ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டது. கேரியரில் புல்லுக்கட்டோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவர். நான் அந்த நேரத்தில் வலது பக்கக் கண்ணாடியில் முந்த வந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கால் முறிந்தது. போலீஸ் வந்து கேட்டபோது யோசிக்காமல் சொன்னேன்: "ஹாரன் அட்ச்சேன் சார். குறுக்க வந்துட்டான்." அது எங்கள் பாஷை. கிளட்சும் கியரும் கைக்கு வருவதற்கு முன்பே அந்த வாக்கியம் நாக்குக்கு வந்துவிடும். பஸ்ஸில் இருந்தவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்: "நெஜமாவே குறுக்க வந்தாரா?"

"ஆமாடி, பின்ன பொய்யா சொல்றேன்?" என்று சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அதில் பாதி பயம் என்று அவளுக்குத் தெரியும். தட்டில் சோறு போட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கேமரா வாங்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பொய்யிலிருந்துதான் வந்தது. நாளைக்கு இவளைப் பற்றி ஒருவன் அந்த வாக்கியத்தைச் சொன்னால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பதிலுக்கு ஒரு சாட்சி வேண்டும். தூங்காத சாட்சி.

அவளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ஹெல்மெட்டில் மாட்டுவது. ஒன்று ஹேண்டில்பாரில். மூன்றாவது சீட்டுக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்பது, சிவப்பு விளக்கும் அதிலேயே இருந்தது. ஹெல்மெட் கேமராவை அவள் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்து, "பொழைக்கப் போறனா, சுரங்கம் தோண்டப் போறனா?" என்று கேட்டாள். அது போயிற்று.

முன்னால் மாட்டுவதா பின்னால் மாட்டுவதா என்பதில்தான் சண்டை. அவளுக்கு முன்னால்தான் வேண்டும். "எதுருல வர்றவனத்தான்யா பாக்கணும். பின்னால வர்றவன படம் புடிச்சி நான் இன்னா பண்றது?" என்றாள். எனக்கோ பின்னால்தான். சைக்கிளை அடிக்கிறவன் பின்னாலிருந்துதான் வருவான். ஓரமாகப் போனாளா குறுக்கே போனாளா என்பது பின்னாலிருந்து வருகிறவனுக்கும் எனக்கும்தான் வழக்காக இருக்கும். கடைக்காரர், இரண்டையும் வாங்குங்களேன் என்றார். இரண்டுக்கும் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்றாள் அவள். நான் குரலை உயர்த்தினேன். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். நான் ஜெயித்தேன்.

வாங்குவதற்கு முன் சோதித்தும் பார்த்தேன். கடைக்காரரிடம் கெஞ்சி அதைக் கடைப் பையனின் சைக்கிளில் கட்டி, கொளவாய் ஏரிக்கரை ஓரமாக அவளை ஓட்டச் சொல்லி, நான் என் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். பக்கத்தில் போனேன், தள்ளிப் போனேன், வேகமாக முந்தினேன். பிறகு கடையில் உட்கார்ந்து எத்தனை தூரத்தில் என் நம்பர் பிளேட் படிக்க முடிகிறது என்று பார்த்தோம். நன்றாகவே தெரிந்தது. நம்பர் மட்டுமல்ல, என் முகமும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முழியை உருட்டிக்கொண்டு வருகிறேன். "இவன் மூஞ்சியப் பாத்தாலே கேசு ஜெயிச்சிடும்" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்கு அவள் வைத்த பெயர் முதுகுக் கண். காலையில் கிளம்பும்போது அதைத் தட்டி, "கண்ணு, முழிச்சிக்க" என்பாள். அங்கன்வாடிக் குழந்தைகள் அதற்கு முன்னால் நின்று நாக்கை நீட்டுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பேன். ஒட்டி உரசிப் போன வண்டிகளின் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதுவேன். அவள் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு, "எத்தினி பேர உள்ள வச்ச?" என்று கேட்டுவிட்டுப் போவாள். என் மனதில் ஒரு நிம்மதி வந்திருந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

டிரைவர்களுக்கு அதுதான் தீபாவளி. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். பொட்டு வைப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் கண்ணுக்கு வைக்க வேண்டும். ஹெட்லைட் இரண்டுதான் வண்டிக்குக் கண். கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமம். அப்புறம்தான் ஸ்டியரிங்குக்கும் மற்றதற்கும். அந்தப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். மழையிலும் தூசியிலும் அதுவாகப் போக வேண்டும். முப்பது வருஷமாக என் விரலுக்குப் பழகிய வேலை.

அந்த வருஷம் கம்பெனியில் பஸ்ஸுக்குப் பூஜை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவள் சைக்கிளைக் கழுவி, மல்லிகைச் சரம் சுற்றி நிறுத்தியிருந்தாள். தட்டில் சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். ஹேண்டில்பாருக்கு வைத்தேன், பெல்லுக்கு வைத்தேன், சீட்டுக்கு வைத்தேன். பின்னால் குனிந்தபோது அந்தக் கண் இருந்தது. முதலில் வைத்திருக்க வேண்டிய கண்ணுக்கு வைக்காமல் விடுவதா? கட்டைவிரலை நன்றாக அழுத்தி வைத்தேன்.

ஹெட்லைட் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதில் ஒரு பொட்டு வைத்தால் சுற்றிலும் வெளிச்சம் வரும். இது பட்டாணி அளவு. என் கட்டைவிரல் பெரியது. நம்பர் பிளேட் எத்தனை அடியில் தெரியும் என்று அளந்து பார்த்த எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. ஊருக்கெல்லாம் லீவு. ஆனால் அன்றுதான் புதுக் குழந்தைகளைச் சேர்ப்பார்கள், தட்டில் அரிசி பரப்பி விரலைப் பிடித்து எழுதவைக்க வேண்டும். ஒரு படி அரிசியைப் பையில் கட்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போய்ட்டு வரேன் என்றாள். ம் என்றேன். தலையைத் தூக்கவில்லை.

ஐந்தாவது கிலோமீட்டரில், சவுக்குத் தோப்புக்கு எதிரே, சுற்றுலா வேன் ஒன்று அவளைப் பின்னாலிருந்து அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். சாலையில் அரிசி சிதறிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

வேன் டிரைவர் ஓடிப்போகவில்லை. சின்ன வயது. ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தான். "ஹாரன் அட்ச்சேன் சார். குறுக்க வந்துட்டாங்க" என்றான். யார் கண்ணையும் பார்க்காமல் சொன்னான். கருங்குழியில் நான் எந்த ராகத்தில் சொன்னேனோ அதே ராகம். எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். என் கை எழவில்லை.

"பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார். நான் கேமரா இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சைக்கிளோடு அதையும் எடுத்து வந்திருந்தார்கள். மண் அப்பிக் கிடந்தது. கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, கடைசித் துண்டை ஓடவிட்டார்கள். அது மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகச் சேமிக்கிற கேமரா.

திரை முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் ஒரு நூல் அளவு வானம். கடல் காற்று மைக்கில் அடித்த இரைச்சலில் ஹாரன் இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. பிறகு அந்தச் சத்தம். பிறகு வெறும் காற்று.

"இன்னா சார் இது, ஒண்ணுமே தெரில" என்றார் பக்கத்தில் நின்ற ஏட்டு. கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். "ரத்தம் பட்டு மறைஞ்சிபோச்சி, பாவம்."

அடிபடுவதற்கு முன்னால் ரத்தம் எப்படி வரும் என்று அவர் யோசிக்கவில்லை. எனக்குத் தெரியும், அது குங்குமம் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் இரண்டாவது முறையாகப் போலீஸுக்கு முன்னால் அந்தப் பொய்க்குத் துணைபோனேன். வேறு சாட்சி கிடைக்கவில்லை. சைக்கிளில் சென்றவர் குறுக்கே வந்ததால் என்று எழுதினார்கள். இருபது வருஷம் வெள்ளைக்கோட்டைத் தாண்டாமல் ஓட்டியவளைப் பற்றி எழுதப்பட்ட கடைசி வாக்கியம் அதுதான். அதை அழிக்க இருந்த ஒரே சாட்சியின் கண்ணை நானே மூடிவிட்டிருந்தேன்.

கேமராவையும் கார்டையும் பல மாதங்கள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பீரோவில் வைத்துப் பூட்டினேன். இந்த வருஷம் ஆயுத பூஜை நெருங்கியபோது என்னால் இருக்க முடியவில்லை. அவள் குரல் எங்கேயாவது இருக்காதா என்று ஒரு ஆசை. கடைசித் துண்டை விட்டுவிட்டு அதற்கு முந்தியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாம் அதே செம்மஞ்சள். செயின் சத்தம், காற்று, ஒரு நாய். வீட்டிலிருந்து மூன்றாவது துண்டில் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. பஸ் நிறுத்தத்தில் மீன் கூடையோடு உட்காரும் அம்மாவின் குரல், எனக்கும் பழக்கமான குரல்தான்.

"இன்னா டீச்சர், லீவு நாள்ல எங்க கெளம்பிட்ட?"

"இன்னிக்கி புள்ளைங்கள சேக்கணும்க்கா."

"பின்னால இன்னா, லைட்டுக்கெல்லாம் பொட்டு வச்சிகினு போற?"

"லைட்டு இல்லக்கா, கேமரா. எங்க வூட்டுக்காரரு வச்சது."

"கேமராவா? அப்பறம் அது எப்பிடிப் பாக்கும்? இரு, முந்தானைல தொடச்சி வுடறேன்."

அவள் சிரித்தாள். கேமராவில் என் மூஞ்சியைப் பார்த்துக் கடையில் சிரித்த அதே சிரிப்பு.

"வாணாக்கா, வுடு. ஆசையா வச்சிக்கிறாரு. சாயங்காலம் வந்து அவரையே தொடைக்கச் சொல்றேன்."

பிறகு பெல் ஒருமுறை அடித்தது. செயின் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறாள். கடைக்குள் நான் சண்டை போட்டு வாங்கிய அந்தச் சாட்சியைவிட, என் கட்டைவிரல் வைத்த பொட்டு அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இதைக் கேட்டால் பாரம் குறையும் என்று யாராவது சொல்லலாம். எனக்குக் குறையவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று உட்கார்ந்து அழுதேன்.

பீரோவிலிருந்து கேமராவை எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் கறுத்திருந்தது. மணி ஐந்தரை, அவள் வீடு திரும்புகிற நேரம். ஈரத் துணி கையில் இருந்தது. இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன், துடைக்கவில்லை.