ஈர ஆடும் எங்கள் கழிப்பறைப் போராட்டமும்

இன்று மெல்பேர்னின் டண்டினொங் சந்தையில், பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றபோது...

வரிசை மரக்கறிக் கடை வரைக்கும் நீண்டிருந்தது. பக்கத்தில் ஆண்கள் பகுதி ஈயோட்டிக்கொண்டிருந்தது.

நான் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதை எனக்குப் பின்னால் நின்ற பிள்ளை கண்டுவிட்டாள்.

"அன்ரி, ஏன் சிரிக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒரு ஆட்டை நினைச்சனான்."

அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். (நியாயம்தான்.)

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் பக்கம் விவசாயம் படிக்க வந்தவள் நான். (வீட்டில் டொக்டருக்குப் படிக்கச் சொன்னார்கள். மண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.)

அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் மூன்று பேர். நான், மலேசியாவிலிருந்து வந்த கமலா, ஆட்டுப் பண்ணைக்காரரின் மகள் மார்கரெட்.

அமெரிக்காவில் விவசாயம் படிக்கும் பெண்களுக்கென்று 'சொரோரிட்டி' என்ற சகோதரிகள் சங்கம் உண்டு என்று மார்கரெட் ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தாள். மெழுகுதிரி ஏற்றிச் சத்தியம் செய்வார்களாம், சட்டையில் பட்ஜ் குத்துவார்களாம், தொழிலில் ஆயுளுக்கும் ஒருத்திக்கு ஒருத்தி துணையாம்.

நாங்களும் தொடங்கினோம். பட்ஜுக்கு வழியில்லை. ஆட்டின் காதில் குத்தும் மஞ்சள் வில்லையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டோம்.

சங்கத்தின் முதல் தீர்மானம் பெண் விடுதலை பற்றியதல்ல. கல்லூரிப் பண்ணையில் எங்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், அவ்வளவுதான்.

பண்ணையில் இருந்த ஒரே கழிப்பறை ஆண்களுடையது. நாங்கள் மேட்டைத் தாண்டிச் சேற்றில் நடந்து பெரிய கட்டடத்துக்குப் போகவேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வோம். வெட்கமும் கோபமுமாக இருக்கும், யாரிடமும் சொல்லவும் முடியாது.

கடைசியில் மார்கரெட்தான் துணிந்து போய்க் கேட்டாள். பண்ணை மேலாளர் மிஸ்டர் பார்லோ தேநீரை உறிஞ்சியபடி, "கொஞ்ச நடைதானே" என்றார்.

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். பொழுதுபோக்குச் சங்கங்களுக்கெல்லாம் கட்டடம் கட்ட முடியாதாம். தொழில் தெரிந்தவர்கள் என்று காட்டவேண்டுமாம். பண்ணைத் திருநாளில் நடக்கும் மெரினோக் கம்பளியாட்டுப் போட்டியில் நாங்கள் வளர்க்கும் கிடா ஒரு பரிசாவது வாங்கினால் கழிப்பறை நிச்சயம்.

கல்லூரிக் கிடா ஒன்றைப் பொறுப்பேற்று, ஹென்றி என்று பெயர் வைத்து, ராசாவைப் போல வளர்த்தோம்.

திருநாளுக்கு முதல் நாள் மார்கரெட் வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலையில் ஹென்றியை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு எனக்கும் கமலாவுக்கும்.

ஹென்றி அழுக்கும் பிசுக்குமாக நின்றான்.

"என்னாடி இது, சபைக்குப் போற ஆளு குளிக்காம போவானா?" என்றாள் கமலா.

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு மாட்டையே குளிப்பாட்டாமல் விடமாட்டார்களே! என்னுடைய நல்ல ஷாம்பூவைப் போட்டு, நுரை பொங்கப் பொங்கத் தேய்த்துக் குளிப்பாட்டினோம்.

மார்கரெட் வந்து பார்த்தாள். அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள்.

மெரினோவின் அழகே அந்தப் பிசுக்குத்தானாம். நடுவர் கம்பளியை விரித்து, அந்த எண்ணெயைப் பார்த்துத்தான் மதிப்பிடுவாராம். (கம்பளிப் பாடம் எங்களுக்கு அடுத்த தவணையில்தான் இருந்தது.)

மூன்று மாத உழைப்பு ஷாம்பூவோடு போய்விட்டது. நான் அழுதேவிட்டேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஹென்றி வெடவெடவென்று நடுங்கினான். மெரினோ நனைந்தால் லேசில் காயாது. பண்ணையில் ஹீட்டர் இருந்த இடம் ஒன்றே ஒன்று, ஆண்கள் கழிப்பறை.

மூவருமாக அவனை உள்ளே தள்ளி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி வாசலில் நின்றோம். போட்டியிலிருந்து விலகிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் மிஸ்டர் பார்லோ வந்தார். வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரோடும் தேநீர் குடித்திருந்தார், பாவம்.

கதவைத் தட்டினார். உள்ளே யார் என்று கேட்டார்.

ஹென்றி பதில் சொன்னான்.

கதவைத் திறந்தால் குளிர் பட்டுக் கிடாவுக்குக் காய்ச்சல் வரும், அது கல்லூரிச் சொத்து என்று மார்கரெட் பணிவாக விளக்கினாள். அப்படியென்றால் நான் எங்கே போவது என்று அவர் கேட்டார்.

கமலா மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"கொஞ்ச நடைதானே, மிஸ்டர் பார்லோ" என்றாள் மார்கரெட்.

முதலில் கௌரவமாக நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். மேட்டில் ஏறும்போது ஓடினார்.

திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் சேறு. எங்களைப் பார்த்தார். அந்த முகம் எங்களுக்குப் பழக்கப்பட்ட முகம். தினமும் அந்த முகத்தோடுதான் நாங்கள் மேட்டிலிருந்து இறங்குவோம்.

அடுத்த வாரமே பலகையும் தச்சர்களும் வந்து சேர்ந்தார்கள்.

புதுக் கதவில் ஹென்றியின் மஞ்சள் வில்லையைத் தொங்கவிட்டோம். அன்றைக்கு மூவரும் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தோம்.

இன்று வரிசை ஒரு வழியாக நகர்ந்து என் முறை வருவதற்குள் எனக்கும் மிஸ்டர் பார்லோவின் முகம் வந்துவிட்டது. ஆண்கள் பகுதியில் அப்போதும் ஆளில்லை.

நண்பர்களே, அவசரமாக ஒரு உதவி. டண்டினொங் பக்கம் நனைந்த கிடா ஒன்று வாடகைக்கு எங்கே கிடைக்கும்?