ஆயுத பூஜைக்குக் குளித்த பவுலிங் பின்கள்

காத்தவராயனிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மரப் பின் உசத்தியா, பிளாஸ்டிக் பின் உசத்தியா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்கள் சோறு ஆறிப்போகும். கம்மாபுரத்தில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, சார்ஜாவில் ஒரு பவுலிங் சென்டரில் மெக்கானிக்காகப் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டு வந்தவன். பந்து உருட்டிக் கைதட்டு வாங்கியவர்கள் யாரோ. விழுந்த பின்களைத் தூக்கி நிறுத்தும் மெஷினுக்குப் பின்னால் கிரீஸ் கையோடு நின்றவன் இவன்.

ஊர் திரும்பியதும் பொண்டாட்டி மங்கலத்தின் தம்பி செம்பியனோடு கூட்டுச் சேர்ந்தான். கடலூர் முதுநகர் தாண்டிச் சிதம்பரம் ரோட்டில், வேர்க்கடலை மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய மல்லாட்டை குடோனைப் பிடித்து நாலு லேன் போட்டார்கள். லேன் என்றால் பந்து ஓடுகிற வழுவழுப்பான பலகைப் பாதை. அதன் கோடியில், கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த பத்து வெள்ளைப் பின்கள் முக்கோணமாக நிற்கும். பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கடலூரில் இதையெல்லாம் எவன் ஆடப்போகிறான் என்று சிரித்த சொந்தக்காரர்களே, அப்புறம் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றார்கள்.

மாமனுக்கும் மச்சானுக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போயிற்று, பின் விஷயத்தைத் தவிர.

“பிளாஸ்டிக்கே போதும் மாமா. உப்புக் காத்து அடிக்கற ஊரு. மரம் எத்தினி நாளைக்குத் தாங்கும்?” என்றான் செம்பியன்.

“மேப்பிள் மரம்டா மச்சான் அது. பந்து பட்டா ஒண்ணு மேல ஒண்ணு தெறிச்சி, ஓரத்துல நிக்கறதயும் இழுத்துக்கினு விழும். அந்தச் சத்தத்துக்கே ஆடறவனுக்கு ஒடம்பு சிலுத்துக்கும். ஒம் பிளாஸ்டிக்கு டொப்புன்னு விழும், காலிக் கொடம் உருண்ட மாரி.”

கடைசியில் ரெண்டு லேனுக்கு மரம், ரெண்டுக்கு பிளாஸ்டிக் என்று முடிவானது. கொஞ்ச காலம் ஓடட்டும், எது நின்று பேசுகிறதோ அதையே நாலுக்கும் போடலாம் என்று பேச்சு. அன்றிலிருந்து காத்தவராயன் மரப் பின்களைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டான். காய்ந்த துணியால் துடைப்பான், வயிற்றில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். சனிக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து ஆட வரும் காலேஜ் பையன்களை மெஷின் பக்கம் கூட்டிப்போய், “மேல வெள்ளத்தோலு, உள்ள மரம். தோலு கீறினா ஈரம் எறங்கும், ஈரம் எறங்கினா செத்துது” என்று பாடம் நடத்துவான். பையன்கள் பாவம், கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

மங்கலம் வாசல் பக்கம் கவுன்ட்டரில் இருப்பாள். அவன் சார்ஜாவில் இருந்த காலமெல்லாம் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் தனியாக அலைந்தவள். பேச்சே குறைந்துபோயிருந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்த பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தான். ஆட வரும் குழந்தைகளின் காலைப் பார்த்தே, லேனில் மாட்டிக்கொள்ளச் சரியான ஷூவை எடுத்து வைப்பாள். அவள் இங்கே வந்து உட்கார்வதற்காகவே தான் ஊர் திரும்பியது சரி என்று அவனுக்குத் தோன்றும். வாயைத் திறந்து சொன்னானா? அதுதான் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மாலை வாங்கிவரவும், காலேஜ் பையன்களை அழைத்துவரவும் காத்தவராயன் சிதம்பரம் போனான். செம்பியன் பூசணிக்காயும் பொரியும் வாங்கப் போனான். சுத்தம் செய்யும் வேலை மங்கலத்துக்கு. பூஜை என்றால் அருவாமனையிலிருந்து சைக்கிள் வரைக்கும் கழுவிப் பொட்டு வைக்கிற ஊர் இது. அவள் சும்மா இருப்பாளா? தரையைத் துடைத்தாள், பந்துகளைத் துடைத்தாள். பின்களில் எண்ணெய்க் கறை கருப்பாகப் படிந்திருந்தது. நீல டிரம்மில் சோப்புத் தண்ணீர் கலக்கி, எல்லாப் பின்களையும் ஊறப் போட்டாள். ஊறியதும் நாரால் தேய்த்து, மாடியில் சுள்ளென்ற வெயிலில் பரப்பினாள். காய்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

காத்தவராயன் மாலையோடு வந்தான். பின்னாலேயே பையன்கள்.

“வாங்க, மாடிக்கு வந்து பாருங்க. எப்பிடி பளபளன்னு வச்சிருக்கேன்!” என்று அவள் முன்னால் ஓடினாள்.

போய்ப் பார்த்தான். பிளாஸ்டிக் பின்கள் ஜம்மென்று நின்றன. மரப் பின்களின் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றில் அடி முதல் கழுத்து வரை வெடிப்பு.

“அறிவிருக்கா ஒனக்கு? மரத்தப் போயி எவளாவது தண்ணியில ஊறப் போடுவாளா?” என்று கத்தினான். பக்கத்து டயர் கடையிலிருந்துகூட எட்டிப்பார்த்தார்கள்.

மங்கலம் கையிலிருந்த பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது மரமா? எல்லாம் ஒரே வெள்ளையாதான இருக்குது. எது மரம், எது பிளாஸ்டிக்குன்னு என்னிக்காவது எங்கிட்ட சொல்லியிருக்கீங்களா?”

காலேஜ் பையன்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் குங்குமக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் சென்டர் பக்கம் வரவில்லை. வீட்டில் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பேச்சு பழையபடி குறைந்துவிட்டது. கவுன்ட்டரில் உட்கார்ந்த செம்பியன் ஷூவை மாற்றி மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினான். “பிளாஸ்டிக்கு ஜெயிச்சிடுச்சில்ல மாமா?” என்று ஒரு தடவை இளித்தான். மாமன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். காத்தவராயனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. எவன் எவனையோ மெஷின் பக்கம் கூட்டிப்போனவன், அவளை ஒருநாள் கூப்பிட்டானா? மரம் போனது போகட்டும். அவள் மறுபடி வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவாளோ என்ற பயம்தான் அவனைத் தின்றது.

ஒரு மத்தியானம், மரப் பின் போன ரெண்டு லேனையும் காலியாகவே போட்டுவிட்டு, வெடித்த மரப் பின் ஒன்றும் பிளாஸ்டிக் பின் ஒன்றும் வயர் கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மங்கலம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“தப்பு எம்மேலதான் மங்கலம். ஊருக்கெல்லாம் சொன்னேன், ஒனக்குச் சொல்லல. எல்லாரு எதிர்லயும் கத்திட்டேன். ரொம்ப அசிங்கமா இருக்குது.”

மரப் பின்னில் தோல் உரிந்த இடத்தை அவன் காட்டினான். அவள் விரலால் மரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு ரெண்டையும் விரல் முட்டியால் தட்டினாள்.

“மரந்தான் நல்லா கேக்குது,” என்றாள்.

“ஆமா.”

“அப்ப நாலு லேனுக்கும் மரத்தயே வாங்குங்க. நான் இனிமே அதுங்க கிட்டயே வரல.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். நல்ல மனசோடு சொன்னாள். காத்தவராயன் அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்தான்.

“மச்சான், நாலு லேனுக்கும் பிளாஸ்டிக்கே சொல்லிடு.”

“என்னா மாமா, மரந்தான் உசத்தின்னு இத்தினி நாளா ஒத்தக் கால்ல நின்னீங்க?”

“இப்பவும் உசத்திதான்டா. மரத்த வாங்கி வச்சிட்டு, வர்ற ஆயுத பூஜைக்கு ஒங்கக்கா எதக் கழுவுவா?”