அடுப்புக்கு மேல் தொங்கிய கம்பி

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து ஒற்றையறைக் காம்பிராவில் காய்ந்த சுவர் என்று ஒன்று கிடையாது. தலவாக்கலைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், துணியில் பூஞ்சணம் பிடிக்கும். கெட்டுப்போகக்கூடாத எதையும் அம்மா அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் தொங்கவிடுவார். என் பட்டச் சான்றிதழும் பொலித்தீன் பையில் அங்கேதான் தொங்கியது.

கெம்பஸில் கடைசி வருட ஆய்வுக்காக நான் ஒரு கம்பி செய்திருந்தேன். செம்பும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்தது. வளைத்துக் கொதிநீரில் போட்டால் பழைய உருவம் ஞாபகம் வந்து விசுக்கென்று நேராகிவிடும். வீட்டில் செய்து காட்டியபோது லயமே வாயைப் பிளந்தது. பிறகு வேலை கிடைக்காமல் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் போய் நின்றேன். பட்டதாரிக்குப் பொருத்தமான இடம்தான், ஆணி நிறுத்துக் கொடுக்கலாம்.

அப்படியிருக்க, நுவரெலியாவில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் போதனாசிரியர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கிடைத்தால் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கலாம், டவுனில் ஒரு நல்ல வீடு பார்க்கலாம். நேர்முகப் பரீட்சையில் ஏதாவது செய்துகாட்ட வேண்டுமாம். தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன கம்பியைத் தேடினேன். இல்லை.

"பெட்டியில வச்சா களிம்பு புடிச்சிருமேப்பா. நீ போன அன்னைக்கே எடுத்து மேல தொங்கவிட்டுட்டேன்" என்றார் அம்மா.

கொடியில் மாட்டுவதற்காக அம்மா கொக்கிபோல் வளைத்தபடியே, மழைக்காலம் முழுக்க அடுப்புச் சூட்டில் தொங்கியிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. சோதித்துப் பார்க்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

நேர்முகப் பரீட்சையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆவி பறக்கும் நீரில் கம்பியைப் போட்டேன். அசையவில்லை. திரும்பவும் போட்டேன். கொக்கி கொக்கியாகவே கிடந்தது. ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். வளைந்த நிலையிலேயே மிதமான சூட்டில் மாதக்கணக்கில் இருந்தால் உள்ளிருக்கும் அணுக்கள் மெல்லப் பக்கத்து இடங்களுக்கு மாறி, அந்த நிலைக்கு ஏற்றபடி அமைந்துவிடும். பிறகு கொதிநீர்ச் சூடு போதாது. தீயிலேயே காட்டினால் ஒருவேளை நிமிரும். இதமான சூடுதான் இதைக் கெடுத்தது.

பதில் சரிதான், தலையாட்டினார்கள். "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"அடுப்புக்கு மேல்."

சிரிப்பு எழுந்தது. இன்னொருவர் என் சான்றிதழை மூக்கருகே கொண்டுபோய், "இதையுமா?" என்றார். இவ்வளவு படித்தவருக்கு ஈரமில்லாத வேறு இடம் கிடைக்கவில்லையா என்றும் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாங்கள் பறித்த கொழுந்தில் ஊற்றிய தேநீர்தான் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. கம்பியை நீரிலிருந்து எடுத்துப் பையில் வைத்தேன்.

வேலை கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டார்.

"நிமிந்துச்சாப்பா?"

"நிமிந்துச்சும்மா. வேலக்கி வேற ஆள் எடுத்துட்டாங்க."

"போகட்டும், அடுத்த தடவ ஒதவும்" என்று கையை நீட்டினார். நான் மறுபடி வளைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். முந்தானையால் கம்பியைத் துடைத்து, சான்றிதழுக்குப் பக்கத்தில் அதே கொடியில் மாட்டினார். நான் தடுக்கவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது, எங்கள் வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான்.