கப்பலில் ஏறாத மூட்டை

போன ஆண்டு ஏப்ரல் விடுமுறையில், தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி, மகளோடு கொழும்புத் துறைமுகம் பார்க்கப் போனேன். அனுமதி வாங்கிக் கூட்டிப்போனவர் என் மனைவியின் அத்தை மகன். அங்கேதான் அவருக்கு வேலை. ஒரு காலத்தில் என் மனைவியை அவருக்குத்தான் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. பிறகு சொல்லவா வேண்டும்? அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

மனிதர் சும்மா இருந்தாரா? கறுவாப்பட்டை வாங்க வந்த அரபுச் சோனகர், அதற்காகவே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர், அலைதடுப்புக் கட்டிக் தெற்கே காலி நகரத் துறைமுகத்து வியாபாரத்தை இங்கே இழுத்த வெள்ளைக்காரர் என்று அள்ளிவிட்டார். எதிரே கிரேன்கள் கண்டெய்னர்களைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தன. "அப்புறம், சித்தப்பா?" என்று என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை அவள் அப்படிப் பிடித்து எவ்வளவு நாளாச்சு!

எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலை ஃபெக்டரியில் மூட்டைகளில் தோட்டத்துப் பெயரை மார்க்காக அடிப்பவன் நான். "அப்பா மார்க் அடிச்ச மூட்டையெல்லாம் அந்தக் கப்பல்லதான் ஏறுது, பாரு!" என்றேன் சத்தமாக.

"எங்க, சித்தப்பா? காட்டுங்க" என்றாள் மகள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கண்டெய்னருக்கு சீல் வச்சிருவாங்கம்மா. உள்ளுக்க இருக்கிறத நாங்களே பாக்க முடியாது."

பிறகு என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, ஏலத்துல வாங்குறவங்க மூட்டைய உடைச்சு, பல தோட்டத்துத் தூளோட கலந்து வேற பெட்டியில போட்டுத்தான் அனுப்புறாங்க. உங்க மார்க் இங்க வராது. பாப்பா முன்னால சொல்ல மனசு வரல" என்றார்.

இத்தனை வருஷமாக மார்க் அடிக்கிறேன், இது தெரியாது எனக்கு! வெட்கமாகப் போய்விட்டது. அதைவிட, இந்த ஆள் நல்லவராகவும் இருந்து தொலைக்கிறாரே என்ற எரிச்சல்.

திரும்பும் பஸ்ஸில் மகள், அப்பாவின் மூட்டை ஏறிய கப்பலைப் பற்றி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லப்போவதாகக் குதித்தாள். நாளைக்கு யாராவது அவளைக் கேலி செய்தால்? உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"சித்தப்பாவுக்கும் இது தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல நாக்குத் துடித்தது. "தெரியும். அப்பா அவமானப்படக் கூடாதுன்னுதான் சொல்லல" என்றேன்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கா, அவருக்கா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இப்போதும் மார்க் அடிக்கும்போது அவர் ஞாபகம் வந்து வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வருவதில்லை.