வயிற்று வலி என்று எழுதிய சீட்டு

என் கர்த்தர் என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் மந்தைவெளியில் குடியிருக்கிறேன். தி.நகர் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. போன ஜூனில் பள்ளி திறந்ததும், அப்போது எட்டாவது படித்த என் மகள் பிளெஸ்ஸி போகமாட்டேன் என்றாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. ஒருநாள் தலை வாரிவிடும்போது, "எனக்கு உயிரோட இருக்கவே புடிக்கலம்மா" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைகளின் மனசைப் பார்க்கிற டாக்டர் அங்கே ஒருவர்தான். கவுண்டரில் எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர் நின்றார். "சரியா சாப்பிடறதில்ல" என்று மட்டும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசிப்பார்கள். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பயந்து, 'மகளுக்கு வயிற்று வலி' என்று எழுதினேன். சபையே வயிற்றுக்காக உருகி ஜெபித்தது. ஆளாளுக்கு ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குளிக்கிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது! பிளெஸ்ஸி மட்டும் அப்படியே இருந்தாள்.

நாலாவது வாரம் முழங்காலில் விழுந்து கதறினேன். ஆண்டவரே, உம்மிடமே பொய் சொல்லிவிட்டேனே! சபையில் உண்மையைச் சொல்லட்டுமா என்று பிளெஸ்ஸியிடம் கேட்டேன். "சொல்லும்மா" என்றாள். அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் நொச்சிக்குப்பம் ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தார். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். "இன்னாம்மா நீ! இத கவுண்டர்ல சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லியிருந்தா அன்னிக்கே பார்த்திருப்பாங்களே! கெளம்பு. ஞாயித்துக்கிழமையானா இன்னா, அவசரத்துக்கு டாக்டர் கீறாரு."

அன்றே பார்த்தார்கள். மருந்து ஆரம்பித்தது. ஆனால் வாரா வாரம் உட்கார்ந்து பேச, மனசைப் பார்க்கிற அந்த ஒரே டாக்டருக்கு நேரம் ஏது? அவரிடம் பயிற்சி எடுத்திருந்த ஸ்டெல்லா அக்காவே சனிக்கிழமைகளில் சபை ஹாலில் பிளெஸ்ஸியோடு பேசினார். விஷயம் தெரிந்து இன்னும் ஆறு தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அதில் இரண்டு பேர் எனக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தவர்கள்! பிறகு டாக்டரே வந்து, பிள்ளைகள் பேச்சுக்கு எப்படிக் காது கொடுப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று என்னையும் சேர்த்து நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு டாக்டரைத் தேடி ஓடினேன். கர்த்தர் ஒரு கூட்டத்தையே கொடுத்தார்.

பிளெஸ்ஸி இப்போது ஒன்பதாவது. நேற்று புது பை கேட்டு வீடே அதிரச் சண்டை போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்படியில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினேன்.

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிற தாயே, இந்தச் சனிக்கிழமை எங்கள் சபை ஹாலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்காலி போட்டு வைத்திருப்போம். என் பிள்ளையைக் காத்தவர் உங்கள் பிள்ளையையும் கைவிடமாட்டார்.